வேறு ஆள் இருந்தால்...

போன மாதம் ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கப் போனேன். நாற்பது தாண்டிவிட்டால் சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்ப மாட்டார்கள். ரத்தம், யூரின், ஈ.சி.ஜி. என்று ஒரு ரவுண்டு உண்டு. ஈ.சி.ஜி. காகிதத்தை டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். ஒரு கோடு மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு. நிறையப் பேருக்கு இருக்கும். ஆனா நான் எழுதித்தான் ஆகணும்."

எழுதினார். கம்பெனி பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றியது. இதற்கு 'லோடிங்' என்று பெயர். பி.காம். கடைசி வருடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறுநாளே மறந்துபோன சமாச்சாரம். உங்கள் உடம்பில் ஒரு சந்தேகம் இருக்கிறது; அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலை போட்டு, அதை உங்களிடமே வசூல் செய்துகொள்கிறார்கள். கோபம் வந்தாலும் நியாயமான ஏற்பாடுதான்.

இப்போது இதே மாதிரியான ஒரு ஈ.சி.ஜி. காகிதத்தோடு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் போர் விமானம் ஓட்டும் பயிற்சிக்குப் போகிறான் என்று வையுங்கள். அங்கே லோடிங் கிடையாது. 'கூடக் கொஞ்சம் கட்டுகிறேன் சார், ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று கேட்க முடியாது. ஒன்று, உண்டு. இல்லையென்றால், இல்லை. நடுவில் ஒரே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அமெரிக்க விமானப்படையில் அதற்கு 'வெயிவர்' என்று பெயர். விதிப்படி நீ தேற மாட்டாய். ஆனாலும் உன் விஷயத்தில் விதியைத் தளர்த்துகிறோம் என்று எழுதித் தரும் காகிதம்.

அந்தச் சந்தைப் பற்றி ஒரு சினிமாவும் ஒரு புத்தகமும் இருக்கின்றன. சினிமாவை உலகமே கொண்டாடுகிறது. புத்தகத்தை விண்வெளிப் பைத்தியங்கள் தவிர யாரும் படிப்பதில்லை. என் கட்சி புத்தகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சினிமா. 1997-ல் வந்த 'கட்டாகா'. ஆண்ட்ரூ நிக்கோல் எழுதி இயக்கியது. தியேட்டரில் போட்ட காசு திரும்பவில்லை, அப்புறம் டி.வி.டி.யில், டி.வி.யில், காலேஜ் வகுப்பறைகளில் என்று பார்த்துப் பார்த்தே பெரிய படமாகிவிட்டது. கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. வருங்காலத்தில் குழந்தை பிறந்த உடனே ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து அதன் ஜாதகத்தையே கணித்துவிடுகிறார்கள். வின்சென்ட் என்ற பையனுக்கு இதயக் கோளாறு வர 99 சதவிகித வாய்ப்பு, ஆயுள் 30.2 வருடம் என்று எழுதுகிறார்கள். அவனுக்கோ விண்வெளிக்குப் போக ஆசை. விதிப்படி அவன் அந்த ஆபீஸில் பெருக்கித் துடைக்கத்தான் முடியும். ஆகவே நல்ல ஜாதகம் உள்ள இன்னொருவனின் ரத்தம், யூரின், தலைமுடி எல்லாவற்றையும் வாடகைக்கு வாங்கி, அவன் பெயரிலேயே உள்ளே நுழைகிறான். ஈதன் ஹாக் வின்சென்ட். அடையாளத்தை வாடகைக்கு விடுபவர் ஜூட் லா. இரண்டு பேரும் பிரமாதம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை டிரெட்மில் காட்சியில்.

நினைவிருக்கிறதா? கோட்டு சூட்டு போட்ட மேலதிகாரிகள் சுற்றிவர, பயிற்சியாளர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வின்சென்ட் தன் நெஞ்சில் இன்னொருவனின் நிதானமான இதயத்துடிப்பைப் பதிவு செய்த கருவியை ஒளித்து வைத்திருக்கிறான். மானிட்டரில் ஓடுவது அந்தக் கடன் வாங்கிய துடிப்பு. பதிவு தீரும் நேரம் நெருங்குகிறது. அவன் சொந்த இதயம் உள்ளே மத்தளம் அடிக்கிறது. எப்படியோ சமாளித்து லாக்கர் ரூமுக்குள் போய்ச் சரிகிறான். நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு, 'மாட்டாதேடா, மாட்டாதேடா' என்று வேண்டிக்கொள்கிறோம். முதல் தடவை நானும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒரு கேள்வி வந்தது. அது வந்த பிறகு படமே வேறாகிவிட்டது. இந்த ஆள் போகப் போவது தனியாக இல்லையே? சனிக் கிரகத்தின் டைட்டன் நிலாவுக்கு, ஒரு வருடப் பயணம். வின்சென்ட்தான் நேவிகேட்டர். வழி சொல்ல வேண்டியவன். அவன் வழியில் சுருண்டு விழுந்தால் கூட இருப்பவர்கள் கதி? அந்தக் கப்பலில் ஏறும் மற்றவர்களின் முகத்தைப் படம் நமக்கு ஒழுங்காகக் காட்டுவதே இல்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை, அம்மா இல்லை, குழந்தை இல்லை. காட்டினால் நம் கைதட்டல் பாதியில் நின்றுவிடும் என்று டைரக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், படம் வரவுப் பக்கத்தை மட்டும் அழகாக எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டது. வின்சென்ட் எடுக்கும் ரிஸ்க்குக்கு பிரீமியம் கட்டுவது கூட வருகிறவர்கள். அவர்களைக் கேட்காமலே.

'அட, அது ஜீன்களை வைத்து மனிதர்களைத் தரம் பிரிப்பதற்கு எதிரான படம் சார், நீங்கள் டிக்கெட் செக்கர் மாதிரி பேசுகிறீர்கள்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன். வர வாய்ப்பு இருக்கிறது என்பதை வந்தேவிட்டது என்று எழுதிவைக்கும் ஆபீஸ் புத்தியைப் படம் சரியாகவே குத்துகிறது. அவன் மாடிப்படி ஏறக்கூடாது என்பது போல நடத்தும் உலகம் முட்டாள் உலகம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்துக்குப் படம் சொல்லும் வைத்தியம் பொய். வேறு வழியே இல்லாதது போல ஓர் உலகத்தைக் கட்டி, அப்புறம் பொய்யைத் தவிர வேறு வழியுண்டா என்று கேட்பது எழுத்தாளனின் சௌகரியம். நிஜத்தில் இதே இதயத்தோடு, இதே கதவைத் தட்டி, பொய் சொல்லாமல் பதின்மூன்று வருடம் வாசலிலேயே உட்கார்ந்திருந்த ஓர் ஆள் உண்டு.

டொனால்ட் ஸ்லேட்டன். எல்லோருக்கும் 'டீக்'. அவருடைய சுயசரிதைதான் நான் சொன்ன புத்தகம். பெயரே 'டீக்!' தான், ஆச்சரியக்குறியோடு. மைக்கேல் காசட் என்பவரோடு சேர்ந்து எழுதியது. அவர் 1993-ல் இறந்தார். புத்தகம் 1994-ல் வந்தது.

விஸ்கான்சின் மாநிலத்தில் பண்ணைக் குடும்பம். சின்னப் பையனாக இருந்தபோதே புல் வெட்டும் இயந்திரத்தில் இடது கை மோதிர விரல் போனது. அந்தக் கையோடுதான் இரண்டாம் உலகப் போரில் பி-25 குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். ஐரோப்பாவில் மட்டும் 56 தடவை போய்விட்டு உயிரோடு திரும்பியவர். அப்புறம் இன்ஜினீயரிங் படிப்பு, மறுபடி விமானப்படை, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் டெஸ்ட் பைலட். 1959 ஏப்ரலில் நாசா தன் முதல் ஏழு விண்வெளி வீரர்களை உலகத்துக்குக் காட்டியபோது அதில் ஒருவர்.

அதே ஆண்டு ஆகஸ்ட். பென்சில்வேனியாவில் ஜான்ஸ்வில் என்ற ஊரில் கடற்படையின் ராட்சத ராட்டினம் ஒன்று இருந்தது. ராக்கெட் கிளம்பும்போது உடம்பு எத்தனை மடங்கு கனக்குமோ, அத்தனையையும் சுற்றிச் சுற்றியே உண்டாக்கிக் காட்டும் இயந்திரம். அதில் ஏறுவதற்காக உடம்பில் ஒயர்களை ஒட்டியபோது ஈ.சி.ஜி. தாளம் தப்பி ஓடியது. டாக்டர் பில் டக்ளஸ் கவனித்துவிட்டார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒரே மூச்சில் சுருங்கி, ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். இந்தக் கோளாறில் அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். கீழறைகள் தாளம் தெரியாமல் அடிக்கும். கடைசியாக ஒரு தள்ளு தள்ளுவார்களே, பஸ்ஸில் ஏறும் கூட்டத்தைக் கண்டக்டர் உள்ளே தள்ளுவது போல, அந்தத் தள்ளு போய்விடும். இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். நாற்காலியில் உட்கார்ந்து பைல் பார்க்கிறவருக்கு இது தெரியாமலே கூடப் போகும். விமானத்தைச் சடாரென்று திருப்பும்போது தலையிலிருந்து ரத்தம் காலுக்கு இறங்கும். அந்த நேரத்தில் இதயம் முழுச் சக்தியோடு மேலே ஏற்றியாக வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கண் இருட்டலாம். ஒற்றை ஆள் விமானத்தில் கண் இருட்டினால் அப்புறம் கதை இல்லை. அதனால்தான் விமானப்படை டாக்டர்கள் இந்தக் கோடுகளை இவ்வளவு முறைத்துப் பார்க்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

ஸ்லேட்டனுக்கு அது எப்போதாவது வரும், தானாகவே போய்விடும். அவர் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, கண்டுபிடித்தவரே அவர்களுடைய டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிகளில் காட்டினார்கள். ஒரு ஆபத்தும் இல்லை, பயிற்சி தொடரட்டும் என்று விட்டார்கள். இரண்டரை வருடம் பயிற்சி தொடர்ந்தது. பூமியைச் சுற்றும் இரண்டாவது அமெரிக்கர் அவர்தான் என்று முடிவாயிற்று. தன் கலத்துக்கு 'டெல்டா 7' என்று பெயர்கூட வைத்துவிட்டார்.

1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார். அமெரிக்காவே தலையில் தூக்கி வைத்து ஆடியது. அடுத்தது ஸ்லேட்டன். இரண்டு மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டிய நேரத்தில் மேலிடத்துக்குப் பழைய பைல் ஞாபகம் வந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் பத்திரிகைக்காரன் கேட்பானே! மறுபடி விசாரணை. விமானப்படை டாக்டர்கள் குழு உட்கார்ந்து பார்த்து, பறக்கலாம் என்றது. அதோடு விட்டார்களா? வெளியிலிருந்து மூன்று பெரிய இதய நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னதன் சாராம்சம் இது: இந்த மனிதரின் இதயம் அங்கே தகராறு செய்யுமா, செய்யாதா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே, இந்தக் கோளாறு இல்லாத வேறு ஆள் உங்களிடம் இருந்தால் அவரை அனுப்புங்கள்.

மார்ச் மாதம் ஸ்லேட்டனின் பெயரை அடித்துவிட்டு ஸ்காட் கார்ப்பென்டரை அறிவித்தார்கள்.

அந்த வாக்கியத்தை நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதில் முதல் பாதி வைத்தியம். தெரியவில்லை என்கிறார்கள், நேர்மையான பதில். இரண்டாவது பாதியில் வைத்தியமே கிடையாது. அது ஆள் எடுக்கும் ஆபீஸின் வாக்கியம். வேறு ஆள் இருந்தால்! இருந்தார்களே. ஏழு பேரில் மூன்று பேர் போய்விட்டு வந்தாயிற்று, இவரைத் தவிர மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். அன்றைக்கு அந்த மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்திருந்தால் அதே இதயம் பாஸாகியிருக்கும் என்றுதானே அர்த்தம்? இதயத்தில் ஒன்றும் மாறாது. வரிசைதான் மாறும்.

வெயிவர் என்ற விஷயத்தின் மர்மம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. கேட்கிறவன் தன் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். கொடுக்கிறவன் அவன் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிராகரிப்புக் கடிதத்தில் மட்டும் இதயம் என்று எழுதியிருக்கும்.

இதில் ஒரு கூடுதல் கொடுமை உண்டு. வேலை போன ஸ்லேட்டனை வீட்டுக்கு அனுப்பவில்லை. விண்வெளி வீரர்களுக்கெல்லாம் தலைவராக உட்காரவைத்தார்கள். 1962 செப்டம்பரில் நாசா புதிதாக ஒன்பது பேரை எடுத்தபோது தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். வேறு ஆள் இருப்பதால் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, வேறு ஆட்களை எடுக்கும் வேலையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். விமானப்படையோ, தனியாக விமானம் ஓட்டக் கூடாது, பக்கத்தில் இன்னொரு பைலட் இருக்க வேண்டும் என்றது. ஐம்பத்தாறு தடவை போர்முனைக்குப் போன மனிதருக்கு! 1963-ல் ராஜினாமா செய்து, நாசாவிலேயே தங்கிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சுயசரிதை எழுதுகிறவர் எவ்வளவு அழுதிருக்கலாம்! ஸ்லேட்டன் அழவில்லை. கோபம் இருக்கிறது, கெட்ட வார்த்தையும் இருக்கிறது, புலம்பல் கிடையாது. புத்தகத்தின் பலம் அது. பலவீனமும் அதுதான். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நாம் ஏங்கும்போது அவர் யார் எந்த ராக்கெட்டில், யாருக்கு யார் மாற்று ஆள் என்று பேரேடு எழுத ஆரம்பித்துவிடுகிறார். பக்கம் பக்கமாக ஆள் பட்டியல். எனக்கு அது பிடித்திருந்தது, நான் அந்தப் படிப்புப் படித்தவன். உங்களுக்குத் தூக்கம் வரலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலாவுக்குப் போன ஒவ்வொரு குழுவையும் பொறுக்கி எடுத்தது, ஒரு தடவைகூட மேலே போகாத இந்த மனிதர்தான். ஆம்ஸ்ட்ராங் உட்பட.

அவருடைய ஆட்களுக்கும் உடம்பு சதி செய்தது. ஆலன் ஷெப்பர்டுக்குக் காதுக்குள் கோளாறு வந்து தலை சுற்றியது. பல வருடம் ஆபீஸ் நாற்காலிதான். ஆபரேஷனுக்குப் பிறகு 1971-ல் நிலாவில் கால் வைத்தார். மைக்கேல் காலின்ஸுக்குக் கழுத்தெலும்பில் ஆபரேஷன். ஒரு பயணம் போய், அடுத்ததாகக் கிடைத்தது அப்போலோ 11. கென் மாட்டிங்லி கதை உங்களுக்கே தெரியும், 'அப்போலோ 13' படத்தில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் அம்மை வரலாம் என்று கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இறக்கிவிட்டார்கள். அம்மை வரவே இல்லை. அந்த முடிவெடுத்த அறையில் ஸ்லேட்டனும் உண்டு. தனக்கு அநியாயம் நடந்தது என்று நினைக்கிற மனிதர், மேஜையின் இந்தப் பக்கம் வந்ததும் அதே விதியை அமல் செய்கிறார். கபட நாடகமா? நான் அப்படி நினைக்கவில்லை. கூடப் போகும் இரண்டு பேரின் முகம் அவருக்குத் தெரியும். கட்டாகா காட்டாமல் விட்ட முகங்கள்.

சரி, வடிகட்டி வடிகட்டி அனுப்பிய இதயங்கள் எப்படி நடந்துகொண்டன? 1971-ல் அப்போலோ 15. ஜிம் இர்வின் நிலாவில் இறங்கி, மூன்று நாள் ராப்பகலாக வேலை பார்த்தார். பரிசோதனைகள் எல்லாவற்றிலும் தேறியவர். திரும்பும் சமயத்தில் அவர் இதயம் தாளம் தப்பியதை ஹூஸ்டனில் டாக்டர்கள் திரையில் பார்த்தார்கள். அப்போது அவரிடம் சொல்லவில்லை. 1973-ல் ஹார்ட் அட்டாக். 1991-ல் இன்னொன்றில் இறந்தார். சந்தேகப்பட்ட இதயம் மேஜையில் பைல் பார்த்துக்கொண்டிருக்க, சந்தேகப்படாத இதயம் மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தடுமாறியது.

இதை வைத்து பரிசோதனையே வீண் என்று சொன்னால் நான் முட்டாள். ஒரு வீடு தீப்பிடிக்காமல் தப்பித்தது என்பதற்காக யாரும் இன்ஷூரன்ஸை மூடுவதில்லை. நான் சொல்வது வேறு. தெரியவில்லை என்பதற்கு மருந்து, கதவைச் சாத்துவது இல்லை, தெரிந்துகொள்வது. அதைச் செய்தவர்களும் அதே விமானப்படைக்காரர்கள்தான். 1957-லிருந்து அமெரிக்க விமானப்படை தன் ஆட்களின் ஈ.சி.ஜி.களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க ஆரம்பித்தது. அதுவரை டாக்டர்கள் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் ஈ.சி.ஜி. ஆகவே கோணலாக ஒரு கோடு தெரிந்தால் நோய் என்று எழுதினார்கள். ஆரோக்கியமாக ஓடியாடித் திரிகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களின் காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், இதில் பல கோணல்கள் சிலருக்கு இயற்கை என்று புரிந்தது. ஹிஸ், லாம்ப் என்ற இரண்டு டாக்டர்கள் 1,22,043 பேரின் ஈ.சி.ஜி.யைத் தொகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த வருடம் தெரியுமா? 1962. ஸ்லேட்டனின் பெயரை அடித்த அதே வருடம். அந்த லாம்ப், ஸ்லேட்டன் பறக்கக் கூடாது என்ற கட்சிக்காரர் என்பது இன்னொரு வேடிக்கை. ஸ்லேட்டனுக்கு இருந்தது ஆரோக்கியமான இளைஞர்களிடம் மிக அபூர்வம். ஒப்பிட்டுப் பார்க்கக் கூட்டம் இல்லை. அபூர்வமாக இருப்பதுதான் அவர் செய்த குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு அந்த சந்து அன்றைக்கு இருந்ததைவிட அகலம். இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதையில் சின்னத் தாமதம், வால்வில் லேசான கசிவு போன்றவற்றை எக்கோ, ஹோல்டர் என்று பல கோணத்தில் படம் பிடித்து, நோய் எது, கோணல் எது என்று பிரிக்க முடிகிறது. அமெரிக்க விமானப்படை எந்தக் கோளாறுக்கு என்ன பரிசோதனை, யாருக்கு வாய்ப்பு என்று ஒரு கையேடே போட்டிருக்கிறது. அதைப் படித்தால் என்னைப் போன்ற கணக்குக்காரனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பயிற்சி முடித்த பைலட்டுக்கு ஒரு தராசு, பயிற்சிக்கு வரும் பையனுக்கு வேறு தராசு. ஒரே இதயக் கோளாறு. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு நிபந்தனைகளோடு வெயிவர் கிடைக்கலாம். புதியவனுக்குக் கையை விரித்துவிடலாம். ஏன்? பழைய ஆள் மீது கோடிக்கணக்கில் செலவு செய்தாயிற்று, அனுபவம் சேர்ந்திருக்கிறது. புதிய பையன் மீது இன்னும் ஒரு பைசா போடவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையும் பெரிது. மறுபடியும் அதே வாக்கியம்: வேறு ஆள் இருந்தால்.

இன்னொரு நடைமுறையும் கவனிக்க வேண்டியது. வெயிவரைப் பையன் நேராகக் கேட்க முடியாது. விமானப்படை மருத்துவர்தான் அவனுக்காக முழு வரலாற்றையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதாவது, பைலட்கள் காலங்காலமாகப் பயப்படுகிற அதே டாக்டர்தான் இவனுக்கு வக்கீல். டாக்டர் ரூமுக்குள் போகும் பைலட், போனபடியே திரும்பினால் அதிர்ஷ்டம். லாபத்தோடு திரும்புவது கிடையாது. ஆகவே மறைக்கத் தோன்றும். கட்டாகாவைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு மறைப்பது வீரம் என்றுகூடத் தோன்றலாம். அந்தப் படத்தின் மேல் என் கோபம் கடைசியில் இதுதான். மறைத்தவனுக்கு வாதாட ஆளே கிடையாது. மாட்டிக்கொண்டால் இதயக் கோளாறோடு பொய்யும் பைலில் ஏறும். முன்னதற்கு வெயிவர் உண்டு, பின்னதற்கு எங்கே போவது?

ஸ்லேட்டன் என்ன செய்தார்? ஐசன்ஹோவருக்கு 1955-ல் ஹார்ட் அட்டாக் வந்தபோது வைத்தியம் பார்த்த பால் டட்லி வைட் வரை போய்ப் பார்த்தார். பலன் இல்லை. சிகரெட்டை விட்டார். காபியை விட்டார் (இதை எழுதும்போது என் பக்கத்தில் இரண்டாவது டம்ளர் ஆறிக்கொண்டிருக்கிறது). உடற்பயிற்சி, வைட்டமின் என்று கிடந்தார். தாளம் தப்புவது ஒரு கட்டத்தில் நின்றது. மேயோ கிளினிக்கில் இதயத்துக்குள் குழாய் விட்டு, மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். 1972 மார்ச்சில், பெயரை அடித்துப் பத்து வருடம் கழித்து, பறக்கலாம் என்றார்கள்.

அதற்குள் நிலாப் பயணங்களே முடிவுக்கு வந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்தது ரஷ்யர்களோடு விண்வெளியில் கைகுலுக்கும் ஒரே ஒரு கூட்டுப் பயணம். ஆள் பொறுக்கும் வேலை யாரிடம் இருந்தது? அவரிடம்தான். தன் பெயரையும் எழுதினார். தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை, அது டாம் ஸ்டாஃபோர்டுக்குப் போயிற்று. ஓர் இடம் கிடைத்தது. 1975 ஜூலை 15. வயது 51. அதுவரை விண்வெளிக்குப் போனவர்களிலேயே வயதானவர். ஒன்பது நாள். இதயம் ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

தொந்தரவு திரும்பி வரும்போது வேறு ரூபத்தில் வந்தது. பாராசூட்டில் இறங்கும் சமயம் ஒரு சுவிட்ச் குளறுபடியில் என்ஜின் எரிபொருளின் விஷப் புகை உள்ளே புகுந்துவிட்டது. வான்ஸ் பிராண்ட் மயங்கியே விட்டார். மூன்று பேரையும் ஹவாயில் ஆஸ்பத்திரியில் போட்டு நுரையீரலைப் படம் பிடித்தார்கள். ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு புள்ளி. புற்றுநோயோ என்று பயந்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லவேளை, சாதாரணக் கட்டி. பயணத்துக்கு முன் எடுத்த பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அதிலும் அந்தப் புள்ளி இருந்தது. பதினாறு வருடமாக எல்லோரும் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்து வீட்டை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த இடமும் போயிருக்கும்.

'டீக்!' நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் வரலாம், இணையத்திலும் கிடைக்கும். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் 1959-லிருந்து 1962 வரை உள்ள பகுதியையும் கடைசியில் 1972-க்குப் பிறகு வருவதையும் மட்டும் படியுங்கள். நடுவில் இருக்கும் ஆள் பட்டியலை என்னை மாதிரி ஆட்களுக்கு விட்டுவிடுங்கள். கட்டாகாவையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரெட்மில் காட்சி வரும்போது மட்டும், பக்கத்து டிரெட்மில்லில் ஓடுகிறவனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.